பாங்கு கேட்டுப் பந்தை உதைத்தவர்

“வித்தான்னு சொல்லாதே, சிவகாமசுந்தரி. வேற என்ன வேணும்னாலும் சொல்லிக்க. பூட்ஸ் போட்டு நிக்கத் தெரியாதவருன்னு சொல்லு. கஞ்சிக்கு மூணாம் கிண்ணம் கேக்குறவருன்னு சொல்லு. சேது அண்ணன் காசு வாங்கி ஆட்டத்தை வித்தான்னு மட்டும் என் வாசல்ல நின்னு சொல்லாதே.”

“நானாக்கா சொல்றேன்? ஊரே சொல்லுதுலா. எங்க மாமனாரு கண்ண மூடுற வரைக்கும் இதையேதான் சொன்னாரு. பாங்கே சொல்லாத நேரத்துல, பாங்கு கேட்டுச்சுன்னு பந்தை வெளிய ஒதைச்சானாம். இந்தப் பக்கம் கோல் விழுந்துச்சாம். பத்து வருஷம் பெரிய லீக்குல நின்ன கிளப்பு கீழ எறங்கிருச்சாம். கை நீட்டாம எவன் இப்படிச் செய்வான்?”

“உங்க மாமனாருக்குத் தெரிஞ்சது பாதி.”

“மீதி யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

சிவகாமசுந்தரி அடுத்த வீட்டுக்காரி. நல்லவள், என் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள். அவள் மாமனார் பாலகிருஷ்ணன்தான் அந்தக் காலத்தில் கிளப்புக்குச் செயலாளர். ஆனால் நல்லவர்கள் சொன்னாலும் தப்பு தப்புதான். இத்தனை வருடமும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்கும் போயிருப்பேன். மீன் கழுவிக்கொண்டிருந்த என் மகள் பதுருன்னிசா தலையைத் தூக்கினாள்.

“சொல்லிடுங்க உம்மா. யாருக்காக மறைக்கிறீங்க? எனக்காகத்தானே? எனக்கே பேரன் பொறந்தாச்சு. இனிமே என்னை யாரு பொண்ணு பார்க்க வரப்போறா?”

அவளே சொன்ன பிறகு எனக்கு என்ன தடை? அவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போகப் போகத் தெரியும். சேதுபதி அண்ணனைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன், என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். நான் பார்க்காததை, இன்னார் சொன்னார் என்று பெயர் வைத்துத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிரே இருந்தோம். கீழே துணிக்கடை, மேலே வீடு. மாடிச் சன்னலைத் திறந்தால் சாலை. சாலையை ஒட்டி ஒரு பெரிய வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் திடல். குதிரை ஓடாத நாட்களில் அங்கே பந்தடிப்பார்கள். ஒரு பக்கத்துக் கோல் கம்பம் எங்கள் சன்னலுக்கு நேராக வரும். நான் கல்யாணமாகி வந்த புதிது. வெளியே அதிகம் போவதில்லை. சன்னல் பலகைச் சந்தில் கண்ணை வைத்தால் ஆட்டம் முழுக்கத் தெரியும். என் வீட்டுக்காரர் ஜமால் முகம்மது இடது ஓரத்தில் ஓடுவார். அவர் ஓடும்போது இங்கே எனக்கு மூச்சு வாங்கும்.

ரோச்சோர் வாலிபர் பந்துச் சங்கம் என்று பலகையில் எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. எங்களுக்கு அது கிளப்பு, அவ்வளவுதான். மளிகை மொத்த வியாபாரி அப்துல் மஜீது தலைவர். கவர்மெண்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பாலகிருஷ்ணன் செயலாளர். கூட்டம் போடுவது எங்கள் கடையில், துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து. சின்ன லீக்கில் ஜெயித்து, பட்டாளத்துச் சிப்பாய்களும் துரைமார்களும் ஆடுகிற பெரிய லீக்குக்கு ஏறிய வருடம் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். ஏறின பிறகுதான் தெரிந்தது. சிப்பாய் அடித்த முதல் பந்திலேயே கோல் காத்த பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. அவன் பேனா பிடிக்கிற வேலைக்காரன். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த வாரம் எங்கள் அடுப்படிச் சுவர் இடிந்து, புதிதாகக் கட்டச் செங்கல் வந்து இறங்கியது. செங்கல் இறக்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வண்டியில் ஒருவன் நிற்பான். வாசலில் ஒருவன், கொல்லையில் ஒருவன். செங்கல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பறக்கும், இரண்டிரண்டாக. கடைசியில் நின்றவர்தான் சேதுபதி. ராமநாதபுரத்துப் பக்கம். தாய்மாமனோடு கப்பலேறி வந்து சிராங்கூன் சாலைச் சூளையில் வேலைக்கு நின்றவர். எறிபவன் சரியாக எறிந்தாலும் கோணலாக எறிந்தாலும் செங்கல் அவர் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சத்தமே வராது.

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ப் பந்தை எடுத்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் முகத்துக்கு நேரே உதைத்தார். அவர் ஒரு கையில் செங்கல்லை வைத்துக்கொண்டே மறு கையால் பந்தை அணைத்துப் பிடித்தார்.

“என்ன பாய், விளையாட்டு?”

“விளையாட்டுத்தான். வர்றியா?”

அவர் பந்தை உருட்டிப் பார்த்தார். “இது செங்கல்லைவிட மெதுவு. மூலையும் கெடையாது. வர்றேன்.”

பாலகிருஷ்ணனுக்குப் பிடிக்கவில்லை. சூளைக்காரனா, காலில் பூட்ஸ் இல்லாதவனா, துரைமார் முன்னால் நிற்பதா என்றார். சரி, பூட்ஸ் போடு என்றார்கள். முதல் ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தவர், திடலில் இறங்கிய உடனே வழுக்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். திடலே சிரித்தது. இரண்டையும் கழற்றிக் கோல் கம்பத்தில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அன்றைக்குச் சிப்பாய்கள் அடித்த அடி இருக்கிறதே! தோற்றோம், ஆனால் ஒரே ஒரு கோலில். ஆட்டம் முடிந்து சிப்பாய்கள் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு பூட்ஸ் பேச்சை பாலகிருஷ்ணன் எடுக்கவில்லை.

இனி நோன்புக்கு வருகிறேன். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

அந்த முதல் வருடமே பந்தாட்ட மாதத்தில் நோன்பு வந்தது. எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் கிளப்பில் இருந்தார்கள். விடியலுக்கு முன் சாப்பிட்டால், பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகுதான் வாயில் தண்ணீர் பட வேண்டும். ஆட்டமோ ஆபீஸ் விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். பாங்கு சொல்கிற நேரம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்து விழும். அன்றைக்கு பாங்கு கேட்டது, ஆட்டம் நிற்கவில்லை. நடுவர் துரைக்கு அது ஏதோ ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்திருக்கலாம். பத்துப் பேரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஓடினார். ஓடினவர் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். சன்னலில் நான் கத்தியது திடலுக்கே கேட்டிருக்கும்.

சேது அண்ணன் கோலை விட்டு ஓடினார். அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். “தங்கச்சி, தண்ணி!” நான் திரைக்குப் பின்னாலிருந்து செம்பை நீட்டினேன். அவர்தான் வாயில் ஊற்றினார். என் கழுத்தில் கருகமணி கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் செம்பை இன்னும் வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம், அதை மட்டும் விடவில்லை.

அன்று மாலை அடுப்படியில் உட்கார்ந்து எங்களோடு நோன்புக் கஞ்சி குடித்தார். குடித்துக்கொண்டே கேட்டார்.

“பாய், பாங்கு சொன்னதும் ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சாப் போதுமா?”

“போதும். ஒரு பேரீச்சம்பழம் இருந்தா இன்னும் நல்லது.”

“பந்து வெளிய போனா ஆட்டம் நிக்கும்ல?”

“பந்து திரும்பி வர்ற வரைக்கும் நிக்கும்.”

“வாய்க்கால்ல விழுந்துட்டா?”

“எவனாவது எறங்கி எடுக்கணும்.”

“அப்ப சரி. தங்கச்சி, இன்னும் ஒரு கிண்ணம்.”

அடுத்த ஆட்டத்தில் பாங்கு கேட்டதும், கைக்கு வந்த பந்தை அவர் ஓங்கி ஓர் உதை உதைத்தார். அது பக்கக் கோட்டைத் தாண்டி வாய்க்காலில் போய்ச் சளப்பென்று விழுந்தது. பாலகிருஷ்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். சேது அண்ணன் கோல் கம்பத்தடியில் வைத்திருந்த தண்ணீர்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் முடிந்திருந்த பேரீச்சம்பழத்தை ஒவ்வொருவர் வாயிலும் போட்டுக்கொண்டே ஓடினார். பந்தை எடுத்துக்கொண்டு ஆள் மேலே வருவதற்குள் எங்கள் ஆட்கள் நோன்பு திறந்து, அவரும் கோலுக்குத் திரும்பிவிட்டார்.

பத்து வருடமும் இப்படித்தான். நோன்பு மாதத்தில் எப்போது ஆட்டம் வந்தாலும் சேதுவின் உதை உண்டு. அந்த உதைக்கு ஒரு தனிச் சத்தம். மற்ற உதைகளெல்லாம் டப்பென்று கேட்கும். இது தொம்மென்று, நெல் மூட்டை இறங்குவதுபோலக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நான் சொல்லிவிடுவேன். எதிர்க் கிளப்புகளில் ஆடிய மலாய்க்காரப் பையன்கள் அதைக் கண்டு தாங்களும் அப்படியே செய்தார்கள். சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிவந்த முகத்துச் சிப்பாய் ஒருவன், பாங்கு கேட்டதும் தன் காலிலிருந்த பந்தைத் தானே வாய்க்கால் பக்கம் தள்ளிவிட்டு, சேது அண்ணனிடம் கையை நீட்டி ஒரு பழம் வாங்கித் தின்றான். பாலகிருஷ்ணன்கூடப் பழகிவிட்டார். “சேது, இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா ஒதைப்பா. போன வாட்டி பந்து ரோச்சோர் ஆத்து வரைக்கும் மெதந்து போயிருச்சு” என்பார்.

கிளப்பு ஒரு வருடம் மூன்றாவதாக வந்தது. பல வருடம் கடைசிக்கு முந்தின இடத்தில் தொங்கியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். டிராம் ஓட்டுபவர், சலவைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். ஏறிய நாளிலிருந்து இறங்கிய நாள்வரை மாறாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். “கல்யாணம் பண்ணிக்கங்க அண்ணே” என்றால், “கோல் கம்பத்தைக் கட்டிக்கிட்டேன் தங்கச்சி, அது ரெண்டு பொண்டாட்டி” என்று சிரிப்பார்.

எனக்குப் பிள்ளையில்லை. பத்து வருடமும் இல்லை. வருவோர் போவோரெல்லாம் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். “ராசியில்லாதவ, விடியக்காலத்துல முகத்துல முழிக்கக்கூடாது” என்று ஒருத்தி என் காது படவே சொன்னாள். அன்றைக்கு நான் அழுததை அடுப்படியில் கஞ்சிக்காக உட்கார்ந்திருந்த சேது அண்ணன் கேட்டுவிட்டார். மறுநாள் சூளையில் வெந்த சிறு அகல் ஒன்றைக் கொண்டுவந்து, “கோயில்ல ஒரு விளக்கு ஏத்திட்டு வந்தேன். நீங்க உங்க பக்கம் கேளுங்க, நான் என் பக்கம் கேக்குறேன்” என்றார். பத்தாவது வருடம் என் வயிறு நிறைந்தது. எந்தப் பக்கம் கேட்டது கிடைத்தது என்று எனக்கு வழக்கில்லை.

அந்தப் பத்தாவது வருடம்தான் கிளப்புக்குப் போதாத வருடம். என் வீட்டுக்காரருக்குக் கால் தளர்ந்துவிட்டது. கடைசி ஆட்டம், துறைமுகத்து ஆபீஸ்காரர்களின் கிளப்போடு. சமமாக முடிந்தால் பெரிய லீக்கில் நிற்கலாம், தோற்றால் இறங்கவேண்டும். நோன்பு மாதம். அன்றைக்கு மத்தியானமே எனக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றவரை நான்தான் விரட்டினேன். “இங்க நின்னு நீங்களா பெறப்போறீங்க? போங்க.” மலாய் மருத்துவச்சி வாடகைக் குதிரைவண்டியில் வந்து இறங்கினாள். திரும்பப் போகவேண்டுமே என்று வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்தாள்.

பொழுது இன்னும் இருந்தது, ஆனால் மேகம் கறுத்துக்கொண்டு வந்துவிட்டது. பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்ததும், வேடிக்கை பார்த்த கூட்டம் திடலின் அந்தப் பக்கத்து மரங்களுக்கு அடியில் ஓடிவிட்டது. ஆட்டமும் அந்தப் பக்கத்துக் கோலடியில்தான் நடந்தது. எங்கள் சன்னலுக்கு நேரே சேது அண்ணன் மட்டும் தனியாக நின்றாராம். இதை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். எனக்கு அப்போது சன்னல் எது, சுவர் எது என்றே தெரியவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண்.

பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி அதன் வலக்காதில் பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். உலகத்தில் அது முதலில் கேட்பது படைத்தவன் பெயராக இருக்கவேண்டும். மெல்லச் சொன்னால் போதும். காதுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்தானே? ஆனால் சொன்னவர் என் மாமனார் அப்துல் கையூம். ஊரில் பள்ளிவாசல் மோதினாராக இருந்து வாழ்நாளெல்லாம் பாங்கு சொன்னவர். இப்போது இரண்டு காதும் கேட்காது. தன் குரல் தனக்கே கேட்காதவருக்கு மெல்லச் சொல்வது எப்படித் தெரியும்? பத்து வருடம் காத்திருந்த பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துத் திரும்பினார். கிப்லா எங்கள் சன்னல் பக்கம். மருத்துவச்சி காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைத்திருந்தாள். மாமா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மினாராவில் நிற்பதுபோலச் சொன்னார்.

பிள்ளை அழக்கூட இல்லை, அப்படியே அசந்து பார்த்தது. எனக்குக் கண்ணில் நீர் வழிகிறது. அப்போது கீழே கேட்டது: தொம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் அந்த உதை எனக்குத் தெரியும். கூடவே வாசலில் மடாரென்று ஒரு சத்தம். குதிரை கனைத்தது. கொஞ்சம் பொறுத்துத் திடலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

நடந்தது இதுதான். தூரத்தில் இருந்தவர்களுக்கு மழையிலும் கூச்சலிலும் ஒன்றும் கேட்கவில்லை. மேகம் கறுத்திருக்கிறது, பாங்கு கேட்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது என்று சேது அண்ணன் நினைத்தார். பந்து அப்போதுதான் நீண்டு வந்து அவர் கையில் சேர்ந்திருந்தது. உதைத்தார். நனைந்த பந்து, வழக்கத்தைவிட ஓங்கி உதைத்துவிட்டார். அது வாய்க்காலில் விழவில்லை. வாய்க்காலைத் தாண்டி மருத்துவச்சியின் வண்டிக் கூரையில் அடித்து, வந்த வழியே திடலுக்குத் திரும்பிவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குப்பியோடு பாதித் திடல் ஓடிவிட்டார். என் வீட்டுக்காரர் வாயருகே பழத்தை நீட்டினார்.

“என்னடா இது? இன்னும் பாங்கே சொல்லலியே!”

“சொன்னாங்க பாய். காதால கேட்டேன்.”

திரும்பிப் பார்த்தபோது எதிராளி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே எறிந்து, ஆளில்லாத கோலுக்குள் தள்ளியாகிவிட்டது. விதிப்படி சரிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்தது. கிளப்பு இறங்கியது.

நனைந்த உடம்போடு இரண்டு பேரும் அடுப்படி வழியாக வந்து நின்றார்கள். தோற்ற துக்கம், பிள்ளை பிறந்த சந்தோஷம். என் வீட்டுக்காரருக்கு எதை முதலில் முகத்தில் காட்டுவது என்று தெரியவில்லை. மருத்துவச்சிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், கிழவர் பாங்கு சொன்ன சத்தத்தில் தன் கையிலிருந்த கிண்ணமே விழுந்துவிட்டதென்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தவர் சேது அண்ணன்.

“அப்பாடா. பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டே வந்தேன் பாய். காது நல்லாத்தான் இருக்கு.”

“உக்காருடா. இப்பவே மஜீது பாய்கிட்ட ஆள் அனுப்பறேன். எல்லாருக்கும் சொல்லிடுவோம்.”

“என்னன்னு?”

“இப்படிப் புள்ள பொறந்துச்சு, வாப்பா பாங்கு சொன்னாரு…”

சேது அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். துணியில் சுற்றியிருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “வேணாம் பாய். சொன்னா என்ன பேசுவாங்க? பொறக்கும்போதே கிளப்பைக் கவுத்தவள்னு பேசுவாங்க. பந்து பட்டதுகூட அவளுக்காக வந்த வண்டியிலதான். நாளைக்கு எது கெட்டாலும் இவ தலையில வைப்பாங்க. நாளைக்கு இவளைப் பொண்ணு பார்க்க வர்றவன்கிட்டயும் போய்ச் சொல்வாங்க. நம்ம ஆளுங்களை உங்களுக்குத் தெரியாதா?”

“சொல்லலைன்னா உன்னைப் பேசுவாங்களேடா!”

“பேசட்டும். எத்தனை செங்கல் பிடிச்ச கை. இது இன்னொண்ணு.”

நான் பாயிலிருந்தே சத்தம் போட்டேன். “அண்ணே, அதெல்லாம் முடியாது. என் பொண்ணு தாங்குவா. என்னைப் பேசினதை நான் தாங்கலையா?”

“தாங்கினீங்க. நான்தான் அடுப்படியில உக்காந்து கேட்டேனே தங்கச்சி.”

ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. கமிட்டி கூடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிற்பாடு பார்த்தேன். பதுருன்னிசா பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள். தெருவில் எத்தனையோ வம்பு வந்தது. அவளை மட்டும் ராசியில்லாதவள் என்று ஒரு நாக்கும் சொன்னதில்லை. விடியக்காலத்தில் அவள் முகத்தில்தான் விழிப்பேன் என்று சொல்லி வருகிற பெண்கள் உண்டு. அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம், இது யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். தொழுகையில் என் பெற்றோருக்குக் கேட்ட பிறகு அவருக்குக் கேட்காமல் நான் கையை இறக்கினதில்லை.

கமிட்டி கூடிய நாளைச் சொல்லிவிடுகிறேன். அதோடு முடிந்தது.

நோன்பு இன்னும் முடியவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நான் மாடியில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. எங்கள் மாடித் தரையில், வாசலுக்கு நேர் மேலே ஒரு சின்னப் பலகை மூடி உண்டு. கதவைத் தட்டுபவர் யார் என்று மேலிருந்தே பார்ப்பதற்கு. அதைத் திறந்து வைத்தேன். கடைக்குள் பேசுவது பலகைத் தரை வழியாகக் கேட்டது.

மஜீது பாய்தான் ஆரம்பித்தார், மெதுவாக. “சேது, பத்து வருஷமா நீ ஒதைச்சே. ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல. பாங்கு கேட்டு ஒதைச்சே. அன்னைக்கு எந்தப் பாங்கு கேட்டுச்சு? எந்தப் பள்ளியிலயும் சொல்லலியேப்பா.”



“நான் கேக்குறேன்” என்றார் பாலகிருஷ்ணன். “யாருகிட்ட என்ன வாங்கினே?”

ஒரு துணி மூட்டை சரிந்து விழுகிற சத்தம். என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். “அய்யா, வாயை அடக்கிப் பேசுங்க. அந்தப் பாங்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன். கேளுங்க…”

அந்த நேரம் பார்த்து என் மடியில் பிள்ளை வீரிட்டு அழுதது.

“பாய், உக்காருங்க” என்றார் சேது அண்ணன். “அவர் என்னைக் காப்பாத்த ஏதாவது சொல்வாரு, நம்பாதீங்க. பாங்கு வரல. என் காதுதான் ஏமாத்திருச்சு.”

“பத்து வருஷம் ஏமாத்தாத காதா?” என்றார் பாலகிருஷ்ணன்.

“காதுக்கும் வயசாகுதுல்ல? நான் யாருகிட்டயும் ஒண்ணும் வாங்கல. நம்பினா நம்புங்க. இனிமே கோலுக்கு நான் வேணாம்.”

கிளப்புச் சட்டையை மடித்து வைத்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அன்றைக்குக் கொடுக்காமல் போன பேரீச்சம்பழங்களை என் வீட்டுக்காரர் கையில் வைத்தாராம். “இது அன்னைக்கே உங்களுக்குச் சேர வேண்டியது. பாங்கு சொன்னதும் தின்னுங்க.” என் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் நின்றார். சாகும்வரை திறக்கவில்லை.

கடை முகப்பில், கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் மாமா பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டோம். சாலையில் செங்கல் வண்டிகள் வரிசையாகக் கடகடத்துப் போய்க்கொண்டிருந்தன. சேது அண்ணன் வாசலைத் தாண்டியதும் மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, கஞ்சி எறக்குற நேரம். குடிக்காமப் போறியே?”

சேது அண்ணன் வண்டிகளைக் கை காட்டினார், வேலை இருக்கிறது என்பதுபோல.

மாமா அவரை இன்னும் கிட்டே இழுத்து, ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். வண்டிச் சத்தம் இல்லையென்றால் கடைக்குள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். மேலே பலகை மூடியருகே இருந்த எனக்குக் கேட்டது.

“பேத்திக்குப் பாங்கு சொன்னேன். என் குரல் எனக்கே தெரியல தம்பி. நீ திடல்லதானே நின்னே? அங்க வரைக்கும் வந்துச்சா?”

சேது அண்ணன் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கையை அப்படியே நெஞ்சில் வைத்தார்.

மாமாவுக்குப் பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று அவர் தோளைத் தட்டினார்.

சேது அண்ணன் அண்ணாந்து பார்த்தார். பலகைச் சந்தில் நான் இருப்பது அவருக்குத் தெரியும். நான் பிள்ளையை மூடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அழுகையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தது. அவர் சிரித்தார், அஞ்சடியிலிருந்து சாலையில் இறங்கி, செங்கல் வண்டிகளோடு சேர்ந்து நடந்தார்.